கீழ்ப்பாகம்

புதன்கிழமை சீட்டில் ஆறாயிரத்து இருநூறு தள்ளி எடுத்தேன்.
இவ்வளவு தள்ளுகிறாளே,
வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டார்கள்.
விசேஷம்தான்.
என் ஏர் ரைஃபிளின் கீழ்ப்பாகத்தில்
டிரிக்கர் உட்காரும் இடத்துக்குச் சற்று மேலே
ஒரு விரிசல்,
தலைமுடி கனம்.

குழலுக்கு ஒன்றுமில்லை.
காற்றுச் சிலிண்டரும் நன்றாக இருக்கிறது.
ஆனால் தோள் முட்டுவது, கை தாங்குவது,
விரல் சம்மதிப்பது
எல்லாம் இதன் வழியாகத்தான்.
பெயர்தான் கீழ்ப்பாகம்.

கோயம்புத்தூரிலிருந்து ஜெயசீலன் போனில் சொன்னார்:
முழு அலுமினியக் கட்டியில் குடைந்தது மேடம்,
நாற்பத்தோராயிரம்,
ஜிஎஸ்டி தனி.
அந்தத் 'தனி'யை மட்டும்
குழந்தைக்குச் சொல்வதுபோல் மெதுவாகச் சொன்னார்.

ஒன்பதாயிரத்துக்கு ஒன்று பார்சலில் வந்தது.
வார்ப்பு.
கறுப்புப் பூச்சு கண்ணைப் பறித்தது.
பனங்காட்டுப் பட்டறையில்
பதினான்கு வருடமாகக் கொலுசு பற்றவைக்கிறேன்;
நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சாவியால் தட்டினேன்.
டொக்.
அவ்வளவுதான், ரீங்காரமே இல்லை.
உள்ளே எங்கோ ஒரு குமிழி.
காற்றுத் துப்பாக்கிக்குக் காற்று வேண்டும்தான்,
அந்த இடத்தில் அல்ல.
வந்த அட்டைப்பெட்டியிலேயே திரும்பிப் போயிற்று.

மூன்றாவது
சூரமங்கலம் ரயில்வே குடியிருப்பில், இரண்டாம் மாடியில்,
பழைய சுடிதார்த் துணியில் சுற்றி வைத்திருந்தது.
அப்சானா.
மாவட்டப் போட்டியில் இரண்டு முறை
எனக்கு அடுத்த பாதையில் நின்றவள்.
இரண்டு முறையும் என்னைத் தாண்டியவள்.
பதினேழாயிரம் என்றாள்.
ஏன் விடுகிறாய் என்று கேட்கவில்லை,
விலையைத்தான் குறைத்துக் கேட்டேன்.
அவளும் எனக்கு எதற்கு என்று கேட்கவில்லை,
பதினான்கில் நின்றாள்.

தட்டினேன்.
மணி.
அடுப்படியிலிருந்து அவள் கணவர் எட்டிப் பார்த்தார்.

குறை இல்லாமல் இல்லை.
முன் ஊசி நுழையும் துளை தேய்ந்து
முட்டைபோல் நீண்டிருந்தது.
நகத்தை உள்ளே விட்டு அசைத்துப் பார்த்தேன்.
கொலுசுத் திருகாணியில் இந்தத் தேய்மானத்தை
வாரத்துக்கு நாற்பது முறை பார்க்கிறவள் நான்.
பித்தளையில் ஒரு புஷ்
கடைசல் பட்டறையில் முந்நூறு ரூபாய்.
ஆக மலிவு என்பது
பதினான்காயிரத்து முந்நூறு,
அதோடு சீட்டில் தள்ளிய ஆறாயிரத்து இருநூறு,
ஒரு சனிக்கிழமைக் கூலி,
இரண்டு பஸ் டிக்கெட்.

படியிறங்கும்போது கூப்பிட்டாள்.
இடது பக்கம் என் பேர் வெட்டியிருக்கு,
தேய்ச்சுத் தரட்டுமா?
சின்ன எழுத்துகள், கடைசி 'னா' கொஞ்சம் சறுக்கியிருந்தது.
தேய்த்தால் எடை குறையும் என்றேன்.
எவ்வளவு குறைந்துவிடும்,
ஒரு மூக்குத்தி அளவுகூட இருக்காது.
இருவருக்கும் அது தெரியும்.

இரவு எல்லோரும் போனபின்
வெள்ளி நிறுக்கும் தராசில் வைத்தேன்.
முதலாளி செருப்பை மறந்து திரும்பி வந்தவர்
எண்ணைப் பார்த்து அசந்துபோனார்:
வெள்ளியா இருந்தா இன்னிக்கு எவ்வளவு தெரியுமா!
வெள்ளியாக இருந்தால் வளைந்துவிடும் என்றேன்.

போட்டியன்று காலை
ஏற்காட்டு மலையில் பாதியை மேகம் தின்றிருந்தது.
கருவிச் சோதனை மேசையில்
ஐந்தரைக் கிலோவுக்குள் இருக்கிறதா என்று நிறுத்தவர்
கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார்.
அப்சானாவா?
மேலே நான் சார்,
கீழே அவங்க.
அவர் சிரிக்கவில்லை.
முத்திரை ஒட்டிக் கொடுத்தார்.

பத்து மீட்டர் தள்ளி
அரை மில்லிமீட்டர்ப் புள்ளி,
கொலுசு முத்தைவிடச் சிறியது.
கன்னத்தை வைத்தேன்.
பித்தளைப் புஷ் அசையவில்லை.
முதல் குண்டு எட்டு புள்ளி மூன்று.

அது என் பிழை.
உலோகத்தின் மேல் பழி போட
இனி எனக்கு வழியில்லை.
மூச்சைப் பாதியில் நிறுத்தி
அடுத்த பாதையைப் பார்க்காமல்
அடுத்த குண்டைப் போட்டேன்.